முன்சீட்டு முறை

அனுமந்தன்பட்டியில் விடியும் முன்னே கிளம்பி, கம்பத்தில் கொஞ்சம் ஆள் ஏற்றி, கம்பம்மெட்டு மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோய் விடும் ஜீப்புகள் எத்தனையோ உண்டு. சேவியரின் ஜீப்பும் அதில் ஒன்று. பார்க்க எல்லா ஜீப்பும் போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறாத சட்டம்.

பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீளச் சீட்டு. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர வேண்டும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரே ஒரு நல்ல இடம். காற்று வரும், ரோடு தெரியும், வாந்தி வராது. ஆரம்பத்தில் அந்த இடத்துக்குத் தினமும் சண்டை நடந்தது. அம்மாவாசி என்று ஒரு பெண், வாய்க்கு அஞ்சாதவள், ஒருநாள் வண்டியை நடுரோட்டில் நிறுத்தச் சொல்லி முறை வைத்தாள். நாளுக்கு ஒருத்தி முன்னால். பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரியோ இருந்தால் அவளுக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சேவியரின் பெண்டாட்டி ஏஞ்சலும் அதே வண்டியில்தான் காய் எடுக்கப் போகிறாள். அவளுக்கும் மற்றவர்களைப் போல ஒரே முறைதான்.

இந்தச் சட்டத்தைத்தான் சேவியர் ஒரு திங்கட்கிழமை காலையில் உடைத்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம். பெண்டாட்டி மேல் வைத்த பாசத்தில் உடைத்தான்.

ஏஞ்சல் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டவள். மகள் பெனிஷா நர்சிங் சேர்ந்து விடுதிக்குப் போகும்போது, அம்மாவையும் விடவில்லை. தபால் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஏஞ்சலுக்கு உள்ளூர ஒரு ஆசை உண்டு. அதைச் சேவியரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பெனிஷாவின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பெயருக்குப் பின்னால் எல்லாம் வால் வாலாகப் பட்டம் தொங்கும்போது, தன் பெயருக்குப் பின்னாலும் இரண்டு எழுத்து நிற்க வேண்டும்.

கடைசி வருஷப் பேப்பர் வரைக்கும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். முதல் வருஷத்து முதல் பேப்பர் மட்டும் நந்தி போலக் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. ‘அரசியல் அறிவியல்: ஓர் அறிமுகம்’ என்று அதற்குப் பெயர்.

“எல்லாத்தோடயும் நல்லாப் பழகிட்ட. அறிமுகத்துலதான் உனக்குத் தகராறு” என்று சேவியர் கேலி செய்வான்.

இந்தத் தடவை கேலி செய்ய முடியவில்லை. பதிவு முடிகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு, தவறினால் எழுதித் தேறிய மற்றப் பேப்பர்களும் செல்லாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஏஞ்சலுக்குப் படிக்க நேரம் ஏது? காலையில் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் அடைக்க வேண்டும். பகலெல்லாம் ஏலச்செடித் தூரில் குனிந்து கிடக்க வேண்டும். திரும்பி வந்து அடுப்பு, துணி, மாடு. புத்தகத்தை எடுத்தால் இரண்டாவது வரியில் தலை தொங்கிவிடும். மலையேறும் நேரம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், பின்சீட்டில் படித்தாலோ குடல் வெளியே வந்துவிடும்.

அதனால் அந்தத் திங்கட்கிழமை கம்பத்தில் ஆசியா ஏற வந்தபோது, அன்றைக்கு அவள் முறை என்று தெரிந்தும், சேவியர் பெரிய மனுஷன் தோரணையில் சொன்னான்.

“பின்னால ஏறிக்கிருங்க ஆசியாக்கா. பரீட்சை முடியற வரைக்கும் ஏஞ்சலு இங்கன இருக்கட்டும்.”

ஆசியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பின்னால் போய் ஏறினாள். ஏஞ்சல் கூசிக்கொண்டே, “இது சரியா வருமாங்க” என்றாள். “வண்டி யாருது? நம்ம வண்டி. நீ படி” என்று கியரைப் போட்டான்.

அவள் வாய்விட்டுத்தான் படிப்பாள். படித்ததை அவனுக்கு விளக்கிச் சொன்னால்தான் அவளுக்கே மனதில் நிற்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட சேவியருக்கு முதல் பாடமே பிடித்துப்போய்விட்டது.

“ஒரு நாடுன்னா நாலு விசயம் வேணுமாம். நிலம், மக்கள், அரசாங்கம், இறையாண்மை.”

“நிலம் இந்த ஜீப்பு. மக்கள் பின்னால இருக்காக. அரசாங்கம் நானு. இறையாண்மைன்னா?”

“தனக்கு மேல இன்னொருத்தன் இல்லாத அதிகாரம்.”

சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அவனுடைய இறையாண்மை கம்பம்மெட்டு செக்போஸ்ட் வரைக்கும் செல்லுபடியானது. அங்கே ஒரு போலீஸ்காரர் விரலை ஆட்டினதும் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏஞ்சல் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

நாலைந்து நாள் இப்படி ஓடியது. ஒப்பந்தக் கொள்கை என்று ஒரு பாடம். அரசாங்கமே இல்லாத காலத்தில் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டு செத்தார்களாம். பயந்துபோய், எல்லா உரிமையையும் ஒருவன் கையில் ஒப்படைத்து எங்களைக் காப்பாற்று என்று ஒப்பந்தம் போட்டார்கள் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் ஒப்படைக்கவில்லை, உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் காக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள், காக்காவிட்டால் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். ஒப்பந்தம் ராஜாவோடு இல்லை, சனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது என்கிறார் மூன்றாவது ஆள். சேவியருக்கு முதல் ஆளைத்தான் பிடித்தது.

இந்தப் பாடம் கேட்கிற குஷியில் அவன் ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஜீப்பில் எப்போதும் பின்னால் பாட்டு இருக்கும். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டே மலையேறுவார்கள். வாந்தி வராமலிருக்க அதுதான் அவர்கள் கண்ட மருந்து. அந்த வாரம் பாட்டு இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். தூக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கிறது இவனுக்கு.

சனிக்கிழமை காலையில் அம்மாவாசி வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பார்த்தால், அவள் இன்னொரு டிரைவர் சுரேஷ்கண்ணனின் ஜீப்புக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சேவியர் ஹாரன் அடித்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். கம்பத்தில் ஆசியாவும் இல்லை.

ஏஞ்சல் அன்றைக்கும் புத்தகத்தைத் திறந்தாள். ஆனால் குரல் கம்மியிருந்தது.

“வலிமை இருக்கறவன் அடுத்தவனைக் கீழ்ப்படிய வைக்கலாமாம். கீழ்ப்படியறவன், ‘இவன் சொல்றது நியாயம், இவனுக்குச் சொல்ல உரிமை இருக்கு’ன்னு மனசார ஒத்துக்கிட்டாத்தான் அது அதிகாரமாம். அந்த ஒப்புதலுக்கு ஏற்புடைமைன்னு பேரு. அது மூணு வழியில வருமாம். காலங்காலமா வர்ற வழக்கத்தால வரும். ஒரு ஆளு மேல உள்ள மதிப்பால வரும். எல்லாரும் ஒத்துக்கிட்ட சட்டத்தால வரும்.” அங்கே நிறுத்தினாள். “இந்த மூணுல நான் எதுல இங்கன உக்காந்திருக்கேன்?”

“என் பொண்டாட்டிங்கறதுல.”

“அது இந்தப் பட்டியல்ல இல்லீங்க. வண்டிய நிறுத்துங்க.”

“வளைவுலயா?”

“வளைவு தாண்டி நிறுத்துங்க.”

நிறுத்தினான். அவள் இறங்கி, புத்தகத்தை மாராப்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் போய் ஏறினாள். முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. கண்ணாடியில் சேவியர் பார்த்தான். அவள் பிடிவாதமாகப் புத்தகத்தை விரித்தாள். இரண்டு வளைவு தாக்குப்பிடித்தாள். மூன்றாவதில் கம்பியைப் பிடித்து வெளியே தலையை நீட்டிவிட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபம் சாயங்காலம் வீட்டு அடுப்படியில் வெடித்தது.

“நான் குடுத்த இடத்தை நாலு பேரு பாக்க, வேண்டாம்னு எறிஞ்சிட்டுப் போற. எனக்கு என்ன மரியாதை?”

“குடுக்க நீங்க யாரு?” என்றாள் ஏஞ்சல். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“வண்டி என்னுது.”

“வண்டி உங்களுது. அந்த எடம் அவுகளுது. அவுக எல்லாம் சேந்து வச்ச முறை அது. அம்மாவாசியக்கா காய்ச்சலோட வந்தப்பக்கூட, வாயத் தொறந்து கேட்டுட்டுத்தான் ஏறுச்சு. நீங்க கேட்டீகளா? நான் கேட்டேனா?”

“கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “அப்பச் சொல்லிட்டுப் போறாக. நான் தோத்தாலும் பரவாயில்ல. ஆனா அந்தப் பட்டத்தை, ‘என் எடத்துல உக்காந்து வாங்குனது’ன்னு ஆசியாக்கா பாக்கக்கூடாதுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்துக்கும் அதில் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை.

அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவளை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்துவிட்டோம் என்பது சேவியருக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்கு இன்னும் கூடப் பிடித்தது. ஆனால் அதைச் சொல்லத் தெரியாமல், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவன் நேரே சுரேஷ்கண்ணன் ஜீப்புக்குப் போனான். அங்கே அம்மாவாசி நின்றாள். கம்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆசியாவும் வந்திருந்தாள். அம்மாவாசியோடு சேர்ந்து போகத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறாள்.

“அக்கா, தப்புதான்” என்றான் சேவியர். “உங்களைக் கேக்காம நான் எடத்தை எடுத்துக் குடுத்துட்டேன். இனிமே முறைப்படிதான். வாங்க.”

அம்மாவாசி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எதுக்குலே அந்த எடம் அவளுக்கு?”

அப்போதுதான் அவனுக்கு இன்னொன்று புரிந்தது. பரீட்சை என்று மொட்டையாகச் சொன்னானே தவிர, இது கடைசி வாய்ப்பு என்றோ, தவறினால் எல்லாம் போய்விடும் என்றோ யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொன்னான். பத்திரிகையில் போடப்போகிற இரண்டு எழுத்து வரைக்கும் சொன்னான். ஏஞ்சல் தூரத்தில் ஜீப்புப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“கேட்டிருந்தா குடுத்திருப்போம்ல” என்றாள் ஆசியா. மனத்தாங்கல் அவள் குரலில் இருந்தது. “நான் என்ன அப்படிப்பட்ட ஆளா? எங்களை ஒரு ஆளாவே நெனைக்கலயேன்னுதான் கஷ்டமாப் போச்சு.”

“நீங்க குடுத்தாலும் அவ இனிமே வாங்க மாட்டா” என்றான் சேவியர். “முறை மாறக்கூடாதுங்கறா.”

அம்மாவாசி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆசியா பின்னாலேயே வந்தாள். ஜீப்பை அடைந்ததும் அங்கேயே நடுரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முறையை நிறுத்தி வைக்கலாம் என்றாள் ஒருத்தி. ஏஞ்சல் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒருநாள் தானமாகக் கொடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. அதற்கும் ஏஞ்சல் மாட்டேன் என்றாள். “ரொம்பத்தான் ரோசம் உனக்கு” என்று அம்மாவாசி சலித்துக்கொண்டாள். கடைசியில் ஆசியாதான் வழி சொன்னாள்.

“பின்னால இருந்து படிச்சாத்தானே வாந்தி வரும்? கேட்டா வராதுல்ல? முன்னால யாரு முறையோ அவ படிக்கட்டும். சத்தமாப் படிக்கட்டும். ஏஞ்சலு கண்ணை மூடிக் கேட்டுக்கிரட்டும்.”

யாரும் கையைத் தூக்கவில்லை. எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அன்று முதல் அந்த ஜீப்பில் நடந்ததை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்க்க முடியாது. ஆசியா ஒவ்வொரு பத்திக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். செபஸ்தியம்மாள் என்பவள், மாதா கோயிலில் வாசகம் வாசித்துப் பழகியவள். இறையாண்மையின் இலக்கணத்தை வேதாகமம் மாதிரி இழுத்து ராகம் போட்டு வாசித்து, பாடம் முடிந்ததும் வாய் தவறி, “இது ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சொல்லிவிட்டாள். பின்னால் பாதிப் பேர் பழக்கதோஷத்தில், “இறைவா உமக்கு நன்றி” என்றார்கள். சேவியர் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் எடுத்தான்.

வாசிக்கிறவளுக்கு வரி ஆடக்கூடாதே என்று அவன் வளைவுகளில் மெல்லப் போக ஆரம்பித்தான். ஒரு காலத்தில் அந்த மலையில் சேவியரை முந்த ஆள் கிடையாது. இப்போது சுரேஷ்கண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனான். போகட்டும் என்று விட்டான்.

அம்மாவாசிக்குப் படிக்கத் தெரியாது. அவள் முறை வந்த நாளில் என்ன செய்வது என்று விழித்தார்கள். அவள் முன்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, “இன்னைக்கு அவ சொல்லட்டும், நம்ம கேப்போம்” என்று உத்தரவு போட்டாள். ஏஞ்சல் புத்தகமில்லாமல் கண்ணை மூடி, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். முதல் தடவை பாதி வந்தது. அடுத்த சுற்றில் முக்கால்வாசி வந்தது.

அப்படி ஒரு நாளில்தான் ஏஞ்சல் ஒரு திரையைப் பற்றிய பாடத்தைச் சொன்னாள். “ஒரு நாட்டுக்குச் சட்டம் போடறவுக எல்லாரையும் ஒரு திரைக்குப் பின்னால உக்கார வைக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு. வெளிய வந்தா நம்ம பணக்காரியா, ஏழையா, சீக்காளியான்னு நமக்கே தெரியாது. அப்பப் போடற சட்டம்தான் நியாயமா இருக்குமாம்.”

“அம்மாவாசியக்கா முறை வச்ச மாதிரி” என்றாள் செபஸ்தியம்மாள்.

“அட போடி” என்றாள் அம்மாவாசி. “அப்பல்லாம் எனக்கு ஒரு சிறுக்கியும் முன்சீட்டு தரலை. முறைன்னு வச்சா எனக்கும் ஒருநாள் வரும்ல, அதுக்காக வச்சேன்.”

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. பின்னால் பாட்டும் திரும்பி வந்திருந்தது. பாடம் முடிந்த வளைவிலிருந்து பாட்டு ஆரம்பிக்கும்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனியில். வேலை இல்லாத நாள். சேவியர் ஜீப்பைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தி, முன்பக்கம் அவளுக்காக ஒரு துண்டை விரித்து வைத்திருந்தான். ஏஞ்சல் வந்து பார்த்துவிட்டு, பின்னால் போய் ஏறினாள்.

“ஏ புள்ள, இன்னைக்கு யாரும் இல்லை. யாரு முறையும் இல்லை.”

“முன்னால இருக்கறவுகதானே பாடம் சொல்லணும்” என்றாள் ஏஞ்சல். “இன்னைக்கு முன்னால நீங்க மட்டும்தான். உங்க முறை. சொல்லுங்க.”

“எனக்கா? நான் என்னத்தைச் சொல்ல?”

“இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுத்தானே வந்தீக.”

உத்தமபாளையம் வரைக்கும் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தான். சின்னமனூர் வரும்போது மெல்ல ஆரம்பித்தான். “நாடுன்னா நாலு விசயம் வேணும். நிலம், மக்கள், அரசாங்கம், இறையாண்மை. இறையாண்மைங்கிறது செக்போஸ்டுல நிக்காது.” அவள் சிரித்தாள். ஒப்பந்தக்காரர்கள் மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னான். இரண்டாமவர் சொன்னதை மூன்றாமவர் வாயில் போட்டான், அவள் திருத்தினாள். ஏற்புடைமைக்கு வந்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“வலிமை என்கிட்ட இருக்கும். அதை அதிகாரம்னு ஆக்குறது பின்னால இருக்கறவுக” என்றான் பிறகு. “இது புத்தகத்துல இருக்கற மாதிரியே இல்ல. ஆனா எனக்கு இப்படித்தான் வெளங்குச்சு.”

“இப்படியே எழுதுறேன்” என்றாள் ஏஞ்சல்.

பரீட்சை மண்டபத்து வாசலில் இறங்கும்போது அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். சேவியர் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, அவள் வெளியே வரும் வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

முடிவு வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பெனிஷா விடுதியிலிருந்து போனில் பார்த்துச் சொன்னாள். ஏஞ்சல் தேறிவிட்டாள். மதிப்பெண் பிரமாதம் ஒன்றுமில்லை, தேறிவிட்டாள், அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் சேவியர் பயந்தே போனான். விடிகிற வரைக்கும் அவளுக்குத் தூக்கமில்லை, அவனுக்கும் இல்லை.

காலையில் வண்டியில் விஷயத்தைச் சொன்னதும் செபஸ்தியம்மாள் குலவை போட்டாள். கம்பத்தில் ஆசியா ஏற வந்தாள். மறுபடியும் அவள் முறை. சேவியர் இறங்கினான், எல்லோரும் பார்க்கும்படி பின்பக்கம் வந்து நின்றான்.

“ஆசியாக்கா, உங்க எல்லாரையும் ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு ஒரே ஒரு நாளு, ஏஞ்சலு முன்னால வரலாமா?”

ஆசியா அவனைப் பார்த்தாள். அந்தத் திங்கட்கிழமைப் பார்வை இல்லை இது. “தாராளமா வரட்டும்” என்றாள். மற்றவர்கள் அம்மாவாசியைப் பார்த்தார்கள்.

“ஒரு நாளைக்குத்தாம்லே” என்றாள் அம்மாவாசி.

ஏஞ்சல் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சேலை மேல் போட்டிருந்த அவனுடைய பழைய சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். மடியில் புத்தகம் இல்லை. மலையடிவாரம் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் பின்னால் பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் பாட்டு நின்றுவிட்டது.

சேவியருக்குத் திக்கென்றது. மறுபடியும் என்ன தப்புச் செய்தோம் என்று கண்ணாடியைப் பார்த்தான். அம்மாவாசி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணால் முன்சீட்டைக் காட்டினாள். ஏஞ்சல் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வளைவுகளில் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், பாட்டு மட்டும் இல்லை. சேவியர் கியரைக் குறைத்து, மெல்ல, மிக மெல்ல மலையேறினான்.